நாற்பது பேரும் 'இல்லீங்க' என்றார்கள்

எங்கள் கைடு லட்சுமணசாமி ஆராய்ச்சியைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர். "முடிவுரையை முதல்ல எழுதிப்போடுங்க, டேட்டா அதுக்குத் தக்கன வந்துரும்." கோவையில் ஒரு தனியார் கல்லூரியின் சமூகவியல் துறையில் நான் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் நாளே அவர் வாயால் கேட்டது இது. அவரிடம் இன்னொரு வசதியும் உண்டு. எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். துறைத் தலைவரும் அவரேதான். ஒரு நாளைக்கு நூறு தாள் வரும். எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தால் டீ ஆறிவிடாதா?

என்னோடு அவரிடம் சேர்ந்தவள் கயல்விழி. கோபிசெட்டிபாளையத்துக்காரி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் வாழைத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்து அவளைப் படிக்க வைத்தவர்கள். டீக்கடைகளில் சாதி எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய வந்தாள். தலைப்பைக் கேட்டவுடன் கைடு முடிவுரையையே சொல்லிவிட்டார்.

"நம்ம பக்கம் அதெல்லாம் எப்பவோ ஒழிஞ்சுபோச்சு அம்மணி."

வினாப்பட்டியலையும் அவரே எழுதினார். பதினான்காவது கேள்விதான் உயிர்: 'உங்கள் ஊர் டீக்கடையில் சாதிப் பாகுபாடு உள்ளதா? ஆம் / இல்லை.' முன்னோட்டமாக நாற்பது பேரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஊரையும் அவரே தேர்ந்தெடுத்தார். அவருடைய மச்சான் ஊர். கேள்வி கேட்ட இடம் அந்த ஊர் டீக்கடை. கடைக்காரர் யார் என்கிறீர்கள்? மச்சானேதான்.

அவர் எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களை எல்லாம் "வாங்க, நல்லாச் சொல்லுங்க" என்று வாய் நிறைய வரவேற்றார். வந்தவர்கள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார்கள். கையில் பேப்பர் கப்போடு கடைக்கு வெளியே வெயிலில் நின்றபடியே ஒரு பெரியவர் அதைச் சொன்னார். துணைக்குப் போயிருந்த நான்தான் 'இல்லை'யில் டிக் அடித்தேன். எதிரில் நிற்கிறவர் மனம் கோணாமல் பதில் சொல்ல எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை.

நாற்பதுக்கு நாற்பது. கைடுக்கு வாயெல்லாம் பல்.

கயல்விழி ஒத்துக்கொள்ளவில்லை. "கேட்டா இல்லைன்னுதானுங்க சார் சொல்லுவாங்க. நாளைக்கும் அவிய அந்தக் கடைக்குத்தான் போகோணும். கேக்கவே வேண்டாமுங்க. ஆருக்கு எந்தக் கப்புல டீ வருதுன்னு பாத்து எண்ணிப்போட்டாப் போதும்."

"எண்ணுறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா? இது டாக்டர் பட்டம் அம்மணி, மளிகைக் கடையில்லை."

இப்படியே மேலும் இரண்டு வருடம் இழுத்தடித்தார். பதிவை இரண்டு முறை நீட்டித்தாயிற்று. மூன்றாவது முறை கிடையாது. மாதக் கடைசியில் கூடும் கமிட்டி அவளுடைய ஆய்வு முறையை ஏற்காவிட்டால் பதிவு ரத்து. நான்கு வருட உழைப்பும் குப்பைத்தொட்டிக்குப் போகும். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்த வாரம் கண் சிவந்திருந்தது. பிறகு ஒரு நாள், கைடு போனில் யாரிடமோ தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தபோது, ஏழெட்டுத் தாள்களை அவர் முன்னால் வைத்தாள்.

"எண்ணுறதுக்கு அனுமதிக் கடிதமுங்க சார்."

"என்னமோ பண்ணு" என்று கையெழுத்தைக் கிறுக்கிச் சீலும் குத்திவிட்டுத் தேங்காய்க்குத் திரும்பினார்.

கமிட்டி கூடிய அன்று கைடும், வேறு கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியை மெஹராஜும் இருந்தார்கள். மூன்றாமவர் கையெழுத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டுத் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் புரொஜெக்டருக்குக் காவல்.

கயல்விழி ஒரே ஒரு அட்டவணையைக் காட்டினாள். 'இடம் அ. பதினைந்து நாள். நாளுக்கு ஒரு டீ.' கீழே ஆட்கள், பெயரில்லாமல், எண்களாக. எல்லோருக்கும் பீங்கான் கப். இரண்டே பேருக்கு மட்டும் பதினைந்து நாளும் பேப்பர் கப். அந்த இருவரும் தலித்துகள்.

மெஹராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஒரு கேள்விகூடக் கேக்கலை. எந்த ஊர் இது?"

"பேரைச் சொல்லக் கூடாதுங்க மேடம்."

"அந்தியூர்ப் பக்கமாத்தான் இருக்கும்" என்றார் கைடு. "படிப்பறிவு இல்லாத சனமுங்க. இன்னும் திருந்தலை."

எப்பவோ ஒழிந்துபோனது அந்தியூரில் மட்டும் எப்படித் தங்கியது என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்குள் கதவு திறந்தது. துறையின் அட்டெண்டர் சாய்குமார் டீ கொண்டுவந்தான். கைடுக்குப் பீங்கான், மெஹராஜுக்குப் பீங்கான், எனக்குப் பீங்கான். கயல்விழிக்குப் பேப்பர் கப்.

மெஹராஜ் திரையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இந்தப் பொண்ணுக்கு மட்டும் பேப்பர் கப்? கப்பு பத்தலையா?"

"அலமாரில ஆறு கப்பு சும்மாதானுங்க கெடக்குது மேடம்" என்றான் சாய்குமார், கள்ளம் கபடமில்லாமல். "இவியளுக்கும் டைப்பிஸ்ட் மெர்சியக்காவுக்கும் பேப்பர் கப்புலதான் குடுக்கோணும்னு நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கே சார் சொல்லிப்போட்டாருங்க."

"ஹைஜீனுங்க மேடம்" என்றார் கைடு.

"அப்ப எனக்கு ஹைஜீன் வேண்டாமா சார்?"

கைடு கயல்விழியின் பக்கம் திரும்பினார். "என்ற டிபார்ட்மெண்ட்ல, என்ற அனுமதி இல்லாம..."

அவள் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். 'துறை அலுவலகத்தில் தேநீர் வழங்கப்படும் முறையைப் பதிவு செய்ய அனுமதிக்கிறேன்.' கீழே கையெழுத்து. பக்கத்தில் சீல், அழுத்தமாக.

மெஹராஜ் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் நகர்த்தினார். "மறுக்கறதா இருந்தாக் காரணம் எழுதணும் சார். என்னன்னு எழுதுவீங்க?"

கைடு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அவர் ஒரு தாளைப் படித்து நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு கையெழுத்தைப் போட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

எல்லோரும் போன பிறகு கயல்விழி ஒரு தாளோடு என்னிடம் வந்தாள்.

"நபர் நாலு நீங்கதானுங்க ஸ்ரீனிவாஸ். பதினஞ்சு நாளும் என்ற பக்கத்துல உக்காந்துதான் டீ குடிச்சீங்க. உங்க சம்மதமும் வேணும். படிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

படித்தேன். பீங்கான் கப், பதினைந்து முறை. பக்கத்துக் கட்டத்தின் தலைப்பு: 'வித்தியாசத்தைக் கவனித்தாரா?' பதினைந்து வரியிலும் 'இல்லை', 'இல்லை' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.

அந்த நாற்பது பேருக்காவது பக்கத்தில் கடைக்காரர் நின்றிருந்தார்.