இரண்டில் ஒருத்தி

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரம்மா ஒரு கைக்குட்டை வாங்கினாலும் வெளிச்சத்தில் பிடித்து, இழுத்து, முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் கழித்துக் கழித்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகே கழுத்தை நீட்டினாள். பிள்ளை பிறக்கவில்லை.

தங்கையும் தங்கை புருஷனும் பேருந்து விபத்தில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய இரண்டு பெண்களும் கடைக்கு மேலிருந்த வீட்டுக்கு வந்தார்கள்.

"ஒண்ணைத்தான் என்னால வளர்க்க முடியும். இன்னொண்ணு விடுதிக்குப் போகட்டும்" என்றாள் புருஷனிடம்.

"ரெண்டும் உன் தங்கச்சி வயித்துல பொறந்ததுதானே?"

"அதான், பாத்து எடுக்கணும்."

ஒரு மாதம் பார்த்தாள். பெரியவள் கேட்காமலே பாத்திரம் துலக்கினாள். கடையில் கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கினாள். சின்னவள் படுக்கையை நனைத்தால் விடியுமுன் விரிப்பை அலசிப் போட்டுவிட்டு, "நான்தான் பெரியம்மா" என்றாள். பெரியம்மாவுக்கு உண்மை தெரியும். பொய் சொல்கிற பிள்ளை என்று மனத்தில் குறித்துக்கொண்டாள்.

கடைசியில், கண் பரிசோதிக்கும் நாற்காலியில் ஒவ்வொருத்தியாக உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்டாள்: "உன்னை மட்டும் வெச்சுக்கிட்டா இருப்பியா?"

பெரியவள், "அப்ப ரெண்டு பேரையுமே அனுப்பிடுங்க பெரியம்மா" என்றாள்.

சின்னவள் காலாட்டிக்கொண்டே யோசித்தாள். "அக்கா கட்டிலும் எனக்கா?"

பெரியம்மா சின்னவளை எடுத்தாள். பழைய பாசம் இழுக்காத பிள்ளை, தன்னிடம் முழுசாக ஒட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டாள்.

விடுதி வண்டி வந்த காலையில் பெரியவள் அழவில்லை. தங்கைக்குத் தலை வாரிவிட்டு, "படுக்கும்போது தண்ணி குடிக்காத" என்று காதில் சொன்னாள். சின்னவளோ அக்காவின் பெட்டியைத் திறந்து, அம்மா பின்னிய கம்பளிச் சட்டையை உருவினாள்.

"இது எனக்கு."

"எனக்குக் குளிருமேடி."

"அங்க யாராவது தருவாங்க."

பெரியவள் பெரியம்மாவைப் பார்த்தாள். முதல் நாளே கண்டித்தால் பிள்ளை ஒட்டாமல் போய்விடுமே என்று பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. வண்டி போயிற்று.

மத்தியானம் பெரியம்மாவுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. புருஷன் கடையில் இருந்தார். சுருண்டு படுத்தபடி, "கண்ணு, கொஞ்சம் தண்ணி கொண்டு வாம்மா" என்று கூப்பிட்டாள்.

சின்னவள் வந்து கதவோரம் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெரியம்மா, நீங்க செத்துட்டா கடை யாருக்கு?"

"உனக்குத்தான் கண்ணு" என்றாள்.

சின்னவள் தலையாட்டிவிட்டு விளையாடப் போனாள். தண்ணீர் வரவில்லை.