கண்ணாடி அறைக்குக் கீழே ஒரு கட்டில்

"கண்ணாடி ஏத்தறதுக்கு முன்னாடி, கீழ இந்தத் தளத்த உடைச்சுப் பார்க்கணும்மா" என்றாள் ஷாரோன்.

வசந்தாம்மா காபி டம்ளரை உதட்டருகே அப்படியே நிறுத்தினார். எதிர் நாற்காலியில் இருந்த ஜெகதீசன் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஷாரோனுக்குத் தெரியும். அது ஓனருக்கு. தனக்கான திட்டு பின்னால் வரும், வண்டியில் போகும்போது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஜெகதீசன் ஒரே ஒரு விதி சொல்லியிருந்தார். "ஈ.சி.ஆர். பக்கம் பழைய வூட்டுக்குப் போறப்ப எது வேணா பேசு. பெயிண்ட் போச்சுன்னு சொல்லு, கதவு ஊதிகீதுன்னு சொல்லு. ஆனா ஓனர் எதிர்ல ஒடைக்கணும்ன்ற வார்த்த மட்டும் வாயில வரக் கூடாது. தேங்காய ஒடைப்பாங்க, பூசணிக்காய ஒடைப்பாங்க. வூட்டத் தொட்டா நம்மள ஒடைச்சுடுவாங்க."

கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரை கடலோரப் பழைய வீடுகளின் மாடியிலும் பால்கனியிலும் கண்ணாடி அறை கட்டித் தருவதுதான் ஜெகதீசனின் தொழில். கடலைப் பார்க்கவென்று ஆசையாய் வீடு கட்டியவர்கள், உப்புக் காற்று ஃபிரிட்ஜையும் ஃபேனையும் தின்னத் தொடங்கியதும் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கண்ணாடிக்குள் உட்காரவைத்துக் கடலைத் திரும்பக் காட்டுவார் அவர். அலுமினிய ஜன்னல் அறுத்துத் தொழிலுக்கு வந்த மனிதர், இஞ்சினியர் இல்லை. ஆனால் தளம் எடை தாங்கும் என்று சைட் இஞ்சினியர் ஒருவர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் இல்லாமல் கண்ணாடிக் கம்பெனி லாரியிலிருந்து ஒரு சில்லைக்கூட இறக்காது. அந்தக் கையெழுத்துக்குத்தான் ஷாரோன். "உன் பி.இ.ய நம்பித்தான்ம்மா கண்ணாடி ஏறுது" என்று அவர் சொன்னபோது முதல் இரண்டு மாதம் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த இந்த வீடு, லாரி வைத்திருந்த அருணகிரி முப்பத்தைந்து வருடத்துக்கு முன் கட்டியது. வசந்தாம்மா அவருடைய மனைவி. வீட்டின் முன்னால் நான்கு தூண், தூண் மேல் தளம், தளத்தின் மேல் திறந்தவெளி. அங்கேதான் மூன்று பக்கமும் கூரையும் கண்ணாடியாய் அறை வரப்போகிறது. அலுமினியச் சட்டத்தோடு சேர்த்தால் இரண்டு டன்னுக்குக் குறையாது. தளத்துக்கு அடியில், பாதி இடத்தைச் சுவர் வைத்து மறைத்த ஓர் அறை. அதில் பதினோரு வருடமாகக் குடியிருப்பவள் மார்கரெட். இந்த வீட்டுச் சமையலும் காவலும் அவள்தான். ஷாரோனின் சொந்த அத்தை, அப்பா ஏசுபாதத்தின் அக்கா. தம்பி மகள் சிவில் படித்திருக்கிறாள் என்று ஜெகதீசனிடம் சொல்லி வேலை வாங்கித் தந்தவளும் அவளே.

மூன்று வாரத்துக்கு முன் அளவெடுக்க வந்தபோது, தளத்தின் வெளி ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் துருக்கறை படிந்த வெடிப்பைப் பார்த்தாள் ஷாரோன். சுத்தியால் தட்டினாள். கொட்டாங்கச்சியைத் தட்டினாற்போல் கேட்டது. நீலச் சாக்பீஸால் வட்டம் போட்டு, ரிப்போர்ட்டிலும் எழுதிக் கொடுத்தாள். இன்று காலை வந்து பார்த்தால் வட்டமும் இல்லை, வெடிப்பும் இல்லை. புதுப் பூச்சு, அதன் மேல் ஈரம் காயாத வெள்ளைப் பெயிண்ட். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். இங்கே ஒரு தளத்தையே கரண்டியால் மறைத்திருந்தார்கள். மேஸ்திரி லட்சுமணனிடம் கேட்டதற்கு அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதனால்தான் நேரே ஓனரிடம் வந்தாள்.

"எதுக்கும்மா ஒடைக்கணும்?" வசந்தாம்மா டம்ளரை வைத்தார். "எங்க வூட்டுக்காரர் பக்கத்துலயே நின்னு கட்டுனது. சுனாமி காம்பவுண்டோட திரும்பிச்சு. நீலம் புயல் வந்துச்சு, மாண்டஸ் வந்துச்சு. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு சிட்டிகை உதிர்ந்தது கிடையாது. சந்தேகமா இருந்தா அடியில படுக்கறவளயே கேளு." உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "மார்கரெட்டு!"

மார்கரெட் முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.

"உன் ரூம்ல மேலேந்து இன்னாவாச்சும் உதிருதா?"

மார்கரெட் ஷாரோனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா கீது."

ஜெகதீசன் கைக்கடிகாரத்தைத் திருப்பினார். லாரி பூஞ்சேரி தாண்டிவிட்டது என்றும், பதினைந்து நிமிடத்தில் வாசலில் நிற்கும் என்றும், புதுசாய்ப் படித்து வரும் பிள்ளைகள் புத்தகத்தில் இருப்பதையெல்லாம் வீட்டில் தேடுவார்கள் என்றும் வசந்தாம்மாவிடம் சமாதானம் சொன்னார்.

ஷாரோன் அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துச் செயினில் தொங்கிய சிலுவையை அந்தக் கை உருட்டிக்கொண்டிருந்தது. பொய் சொன்னால் அத்தைக்குக் கை அங்கே போய்விடும். காலையில் அத்தையின் அறையில் டீ குடித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கட்டிலுக்கு மேலே நாலு மூலையும் கயிற்றால் கட்டிய ஒரு பழைய ஃப்ளெக்ஸ். வசந்தாம்மாவின் மகன் கார்த்தியின் கல்யாண வரவேற்புக்கு அடித்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டதற்குக் கொசு வராது என்றாள் அத்தை. ஃப்ளெக்ஸ் நடுவில் நிறைமாத வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கொசு அவ்வளவு கனக்காது.

ஷாரோன் எழுந்து வெளியே நடந்தாள்.

அறை வாசலில் மார்கரெட் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் கூடவே உட்கார்ந்திருந்தது வசந்தாம்மாதான் என்றாள். சொந்தத் தம்பிகூட மூன்றாம் நாள்தான் வந்தான் என்றாள். அதெல்லாம் ஷாரோனுக்கும் தெரியும். அந்த மூன்றாம் நாள் அப்பாவோடு போனவள் அவள்.

"இந்த வூட்ல எதையும் கேக்காதடி" என்றாள் மார்கரெட், குரலைத் தாழ்த்தி. "கேக்காம இருந்துதான் பதினோரு வருஷம் ஓட்னேன்."

"கேக்காம இருந்துதான் அத்தை, இத்த தலைக்கு மேல தொங்க வுட்டுகினு தூங்குற."

பின்னால் வசந்தாம்மாவும் ஜெகதீசனும் வந்துவிட்டார்கள். லட்சுமணன் தூணோரம் நின்றார். ஷாரோன் அத்தையைக் கட்டிலிலிருந்து தள்ளி நிறுத்திவிட்டு, வாசல் பக்கத்துக் கயிற்று முடிச்சை இழுத்தாள்.

முதலில் மணல் கொட்டுவதுபோல் சரசரவென்று கேட்டது. அப்புறம் ஒரேயடியாகச் சரிந்தது. காரைச் சில்லுகள், கருங்கல் ஜல்லி, செம்பழுப்பாய்த் துருப் பொருக்கு. தட்டு அகலத்துக்கு ஒரு கான்கிரீட் துண்டு நேராய்த் தலையணை மேல் விழுந்து, அத்தை தலை வைக்கும் பள்ளத்திலேயே உட்கார்ந்துகொண்டது. தூசி அடங்கியதும் எல்லோரும் மேலே பார்த்தார்கள். தளத்தின் அடிப்பக்கம் தோலுரித்த ஆடு மாதிரி இருந்தது. விரல் தடிமனுக்கு இருக்க வேண்டிய கம்பிகள் சுள்ளியாய் மெலிந்து, பரோட்டாவைப்போல் அடுக்கடுக்காய்ப் பிரிந்து தொங்கின. இரண்டு இடத்தில் கம்பியே இல்லை. கம்பி இருந்த தடம் மட்டும் இருந்தது.

உடைத்துப் பார்க்க ஒன்றுமே மிச்சமில்லை.

மார்கரெட் அழவில்லை. தப்புச் செய்து பிடிபட்ட பிள்ளை மாதிரி மெதுவாய்ச் சொன்னாள். சனிக்கிழமைதோறும் ஃப்ளெக்ஸை அவிழ்த்து, விழுந்ததைப் பக்கெட்டில் அள்ளிக்கொண்டுபோய்க் கடலோரம் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள். ஆறு வருடமாக. இந்த மழைக்கு அப்புறம் பெரிய துண்டாக விழ ஆரம்பித்ததும் தூக்க முடியவில்லை, இரண்டு வாரம் விட்டுவிட்டாள்.

"வேலக்காரி வூட்ட கொற சொல்றாப்பல ஆயிடும்மா" என்றாள்.

வசந்தாம்மா லட்சுமணனைத் திரும்பிப் பார்த்தார். "நீ இன்னாத்த பூசுன?"

"கேட்லேந்து பாத்தா தெரியற ஓரத்த மட்டும் சாருதான் பூசச் சொன்னாரு. உள்ள போவாதன்னாரு."

ஜெகதீசன் கெமிக்கல் என்றார், கோட்டிங் என்றார், பழைய வீடென்றால் எல்லா இடத்திலும் இப்படித்தான், மேல் தளத்துக்கு ஒன்றும் ஆகாது என்றார். வசந்தாம்மா அவர் பேசுவதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் அவிழ்ந்து, தூசி படிந்து தொங்கிய மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நியாயம் ஏதோ பிறக்கப்போகிறது என்று ஷாரோன் நினைத்தாள். அந்த ஒரு நிமிடம் நிஜமாகவே நம்பினாள்.

"கார்த்தி பதினாலாந்தேதி வர்றான்" என்றார் வசந்தாம்மா. "பேரன் பொறந்த நாள கண்ணாடி ரூம்லதான் வெக்கணும்னு நாப்பது பேருக்குச் சொல்லியாச்சு. லட்சுமணா, உள்ளயும் பூசிடு. மார்கரெட்டு இனிமே சமையக்கட்டாண்ட படுத்துக்கட்டும். முடிஞ்சுது."

"கீழ படுக்கறவங்கள மாத்திட்டா மேல நிக்கறவங்களுக்கு ஆச்சாம்மா? நாப்பது பேரு சொன்னீங்களே."

"உங்க தாத்தா எங்க களத்துல நெல்லு தூத்துனவரு" என்றார் வசந்தாம்மா. குரல் ஏறவில்லை. "சாவற வரைக்கும் நிமிர்ந்து ஒரு வார்த்த கேட்டதில்ல."

"கேட்டிருக்கணும்" என்றாள் ஷாரோன்.

ஜெகதீசன் அட்டையில் செருகிய ஃபாரத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். பேனாவின் மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார். "போடு. லாரி வந்துகினேகீது. நீ போடலன்னா நாளைக்கு வேற ஒருத்தி போடுவா. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல கல்ல வுட்டெறிஞ்சா ஒரு பி.இ. மேலதான் வுழும், தெரியுமில்ல?"

அது உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். இந்த வேலை கிடைக்க ஒரு வருடம் ஆனது. மறைமலைநகர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கும் அப்பா, ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் 'பொண்ணு சைட் இஞ்சினியர்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஷாரோன் பேனாவை வாங்கினாள்.

அத்தை ஏற்கெனவே துடைப்பத்தை எடுத்துவிட்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. குனிந்து, கட்டிலுக்கடியில் சிதறியதை ஓரமாய்க் கூட்ட ஆரம்பித்திருந்தாள். ஆறு வருடப் பழக்கம். இந்தக் குவியல் எத்தனை பக்கெட் வரும் என்று அந்தக் கண் அளப்பதை ஷாரோன் பார்த்தாள். இன்று கூட்டி அள்ளிவிட்டால், பூசி மூடிவிட்டால், நாளைக்கு வரும் இன்னொரு பி.இ.க்கு எதுவும் தெரியப்போவதில்லை.

துடைப்பத்தைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

"பெருக்காத அத்தை. அப்படியே கெடக்கட்டும்."

ஃபாரத்தில் 'தளம் எடை தாங்குமா' என்ற கேள்விக்கு எதிரே 'தாங்காது' என்று எழுதினாள். எழுத்து தெளிவாய் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கீழே ஏ. ஷாரோன், பி.இ. என்று கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள். வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதத்தில் தன் படிப்பை நம்பித் தானே போட்ட முதல் கையெழுத்து. பிறகு ஃபோனை எடுத்து நான்கு படம் பிடித்தாள். ஃபாரம், மேலே கம்பி, தலையணை மேல் கான்கிரீட், துருத் தூளுக்கு நடுவே சிரிக்கும் மாப்பிள்ளை. டிசைனையெல்லாம் வாட்ஸ்அப்பில் பார்த்துச் சரி என்று சொன்னது கார்த்திதான், நம்பர் இருந்தது. நான்கையும் அவனுக்கும் கண்ணாடிக் கம்பெனிக்கும் அனுப்பினாள். இரண்டு டிக் விழும் வரை யாரையும் ஃபோனைத் தொட விடவில்லை.

"இன்னா பண்ணுன?" என்றார் ஜெகதீசன்.

"நீங்க சொன்ன வேலதான் சார். கையெழுத்துப் போட்டேன்."

"வெளிய போ."

"போய்க்கினேதான் இருக்கேன்."

வசந்தாம்மா கட்டில் விளிம்பில் உட்காரப் போனார். கோபமா, பயமா, ஷாரோனுக்குத் தெரியவில்லை; தெரிந்துகொள்ளவும் அப்போது மனமில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அங்க உக்காராதீங்கம்மா. வெளிய வாங்க."

அடையாள அட்டையைக் கழற்றி ஃபாரத்தோடு அட்டையில் செருகி லட்சுமணன் கையில் கொடுத்தாள். அவர் அதை ஜெகதீசனிடம் கொடுக்கவில்லை, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அத்தையிடம், அப்பாவுக்குத் தானே ஃபோன் பண்ணிச் சொல்லிவிடுவதாகவும், துணிமணியை எடுத்துக்கொண்டு எப்போது வந்தாலும் வீட்டில் இடம் இருக்கிறது என்றும் சொன்னாள். சிலுவையைப் பிடித்திருந்த மார்கரெட்டின் கை கீழே இறங்கியிருந்தது.

கேட்டை அடைந்தபோது லாரி திரும்பிக்கொண்டிருந்தது. சட்டத்தில் சாய்த்துக் கட்டிய கண்ணாடிகளில் கடல் துண்டு துண்டாய் ஆடியது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி எங்கே இறக்குவது என்று கேட்டார்.

"எறக்காத அண்ணாத்த. கம்பெனிக்கு ஃபோன் போடு, சொல்லுவாங்க."

ஈ.சி.ஆரை நோக்கி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் ஜெகதீசன் கத்துவது கேட்டது. லாரியின் ஹாரன் கேட்டது. வளைவு வரை காதைத் தீட்டிக்கொண்டே போனாள். துடைப்பச் சத்தம் கேட்கவில்லை.