பொலித்தீன் கழற்றாத சோபா

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த லோஜினி உட்கார்ந்தபோதெல்லாம், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றிலிருந்த அவளுடைய சோபா அமிழ்ந்தது. பொலித்தீன் உறை சரசரக்கும். இடது பக்க மெத்தையில் ஓர் ஆளின் அளவுக்குப் பள்ளம் விழும். கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடும். முதல் தடவை அவள் கணவன் மோகனராஜ் எலி என்று நினைத்துக் குனிந்து பார்த்தான். அடுத்த தடவை அவளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். "இப்ப உக்காந்தியா?" என்று கேட்டான். "ஆமாங்க, பாத்ரூம் வாசல்ல. எப்பிடித் தெரியும்?" சோபா அமிழ்ந்ததை அவன் சொன்னதும் சிரித்தாள். "மேடத்துக்கிட்டப் போட்டுக் குடுத்துறாதீங்க." பிறகு லயத்தில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. மழை வருகிறது என்பதுபோல, லோஜினி உட்கார்ந்துவிட்டாள் என்றார்கள்.

கண்டி டவுனில் ஒரு தளபாடக் கடையில் அவள் கூட்டித் துடைத்த காலத்தில் கண்டுவைத்த சோபா அது. அறுபதுகளின் பாணி: தாழ்ந்த முதுகு, பொத்தான் வைத்துத் தைத்த கடுகு மஞ்சள் துணி, நுனி மெலிந்து வெளிப்பக்கம் சாய்ந்த தேக்குக் கால்கள். டாக்டர்மார் வீட்டுக்கு வாங்கினார்கள், வங்கிகள் ஒஃபீசுக்கு வாங்கின. வேலையாட்கள் அதில் உட்காரக் கூடாது. ஒரு நாளைக்கு இதில் கால் நீட்டிப் படுப்பேன் என்று லோஜினி சொல்லிக்கொண்டிருந்தாள். வெளிநாடு போய் முதலில் அதைத்தான் வாங்கச் சொன்னாள். கால்களைக் கழற்றி, வாசலில் சரித்து உள்ளே ஏற்றினார்கள். அறையில் பாதி போயிற்று. "நான் வந்துதான் பொலித்தீன் கழட்டணும். அதுவரைக்கும் யாரும் உக்காரக் கூடாது, நீங்களுந்தான்" என்றாள். மோகனராஜ் அதைச் சாமி காரியம்போலக் காத்தான்.

அடுத்த வருடம் குவைத் வீட்டுக்காரர்கள் அவளுடைய தொலைபேசியைப் பிடுங்கிவிட்டார்கள். பள்ளம் ஒன்றுதான் மிச்சமிருந்த தகவல். அதுவும் ஓரத்துக்கு ஒதுங்கியது, ஆழம் குறைந்தது, கண்மூடித் திறப்பதற்குள் எழும்பியது. அனுப்பிவைத்த ஏஜென்ட் ஸ்ரீதரன், "வேலை கூடுதலா இருக்கும் தம்பி, நல்ல குடும்பம்" என்றார். பிறகு நாட்கணக்கில் சோபா அமிழவேயில்லை. அத்தனை நாளும் அவள் நிற்கிறாள் என்பது மோகனராஜுக்கு விளங்கியது; அதைவிட மோசமானதும் தோன்றியது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சந்தையில் மூட்டை சுமந்துவிட்டு வந்தும் அவன் உட்காரவில்லை. நின்றபடி சாப்பிட்டான். பஸ்ஸில் இடமிருந்தும் நின்றான். கால் வீங்கிப்போய்ச் சோபாவின் முன் நின்று, "உக்காரு புள்ள, கொஞ்சம் உக்காரு" என்று கெஞ்சினான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பொலித்தீன் சரசரத்தது. பள்ளம் விழுந்தது, நழுவியது, விளிம்பைத் தாண்டி மறைந்தது. மறுபடி விழுந்தது, மறுபடி நழுவியது. பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து வந்து பார்த்த கஜலட்சுமி இடுப்பில் கை வைத்தாள்.

"வழுக்குதுடா. பொலித்தீனக் கழட்டு."

"அவ வந்துதான் கழட்டணும்னா, அக்கா."

"அவ வந்துக்கிட்டுத்தான் இருக்கா. நீதான் உக்கார உடாம வெச்சிருக்க, அறிவு கெட்டவனே."

அவன் பிளேடால் உறையைக் கிழித்தான். பொலித்தீன் தரையில் விழுந்ததும் மஞ்சள் துணி அமிழ்ந்தது. தலைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, கடைசியில் குதிகால்களுக்கு இரண்டு சின்னக் குழிகள். இந்த முறை பள்ளம் எழும்பவில்லை. பொழுது சாய்ந்தும் எழும்பவில்லை. செத்தவர்கள்தான் இப்படிப் படுப்பார்கள் என்று மோகனராஜ் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கஜலட்சுமி முதுகுப் பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்து, அவனுடைய கையையும் இழுத்து அதில் வைத்தாள். சூடாக இருந்தது. மெதுவாக ஏறி இறங்கியது. அவன் கம்பளி கொண்டுவந்து போர்த்தினான்.

அந்த வாரமே ஸ்ரீதரன் வியர்த்துக்கொண்டு ஏறி வந்தார். குவைத்தில் பூட்டிய அறையில் லோஜினியைக் காணோமாம். உடுப்பு இருக்கிறதாம், பாஸ்போர்ட் இருக்கிறதாம், ஆள் மட்டும் இல்லையாம். "இங்கிட்டு வந்தாளா தம்பி?"

"வந்துட்டா" என்றான் மோகனராஜ். அவன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்ரீதரன் பெருமூச்சு விட்டு, சோபாவில் உட்காரப் போனார்.

"அங்கன இல்ல" என்று கஜலட்சுமி அதட்டினாள். "ஆள் படுத்திருக்கது தெரியலயா?"

அவர் கம்பளியைப் பார்த்தார். பிறகு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, சத்தம் போடாமல் சுவரோரம் நின்றுகொண்டார்.