எனக்காகப் பேச வந்த அக்கா

பழங்குடி மாணவர்களுக்கான சட்டக் கல்லூரி நேர்காணலுக்கு லவர்ன் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். என் மனைவியின் அக்கா. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. அன்று விடுப்பு எடுத்திருந்தாள்.

கனடாவின் வான்கூவர் தீவில், எங்கள் பழங்குடி ஆட்களிடம், துக்கத்தில் இருப்பவன் சபையில் தன் கதையைத் தானே சொல்வதில்லை. பேசுவதற்கு ஒருவரை வைப்போம். அவர் சொல்வார், நாம் பக்கத்தில் நிற்போம். என் மனைவி இலையுதிர் காலத்தில் இறந்தாள். பட்டப்படிப்பில் அந்தப் பருவத் தேர்வு எதையும் நான் எழுதவில்லை. ஏன் என்று கேட்பார்கள். சரியான பதில் இல்லையென்றால் இடம் இல்லை.

கடல் கடக்கும் படகில் அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"வக்கீலாகப் போறவன் மாதிரியா இருக்கே? மாட்டிக்கிட்ட திருடன் மாதிரி இருக்கே."

சிரிக்க வேண்டிய இடம் அது. சிரித்தேனா, தெரியவில்லை.

அறையில் இரண்டு பேர். பேராசிரியர் ஹாடோ, வெள்ளைக்காரர். மர்லின், சமவெளியிலிருந்து வந்த, க்ரீ என்ற வேறொரு பழங்குடி இனத்து வழக்கறிஞர். அக்கா எழுந்து நின்று, நான் யாருடைய மகன், எந்த ஊர் என்று தொடங்கினாள். ஹாடோ கையை உயர்த்தினார். விண்ணப்பித்தவர்தான் பேச வேண்டும், துணைக்கு வந்தவர் வெளியே இருக்கலாம் என்றார். நான் மர்லினைப் பார்த்தேன். அவருக்கும் புரியவில்லை. அவர்கள் பக்கத்து வழக்கம் வேறு.

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். ஹாடோ கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்காகவே பேசமாட்டேங்கிறீங்க. கோர்ட்டுல எப்படிப் பேசுவீங்க?"

"கோர்ட்டுல எனக்காகவா பேசப்போறேன்?"

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது.

மர்லின் பேனாவைக் கீழே வைத்து, அக்காவைக் காட்டினார். "சரி, இவங்களுக்காகப் பேசுங்க. இவங்களுக்கு என்ன வழக்கு?"

வழக்கு இருந்தது. ஆற்றில் அக்கா போட்ட வலையை மீன்வளத் துறை அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அதில் விழுந்த சால்மன் மீன்களோடு. எழுந்து நின்றேன். அந்த ஆற்றில் மீன் பிடிக்க எங்களுக்குள்ள உரிமையைச் சொன்னேன். வலை எடுக்கப்பட்ட இடத்தைச் சொன்னேன். குரல் சீராகவே இருந்தது.

"அந்த மீன் விக்கிறதுக்கில்ல. இவங்க தங்கச்சியோட சாவுச் சாப்பாட்டுக்கு. கடைசியில வந்தவங்களுக்குக் கடைக் கோழிதான் போட்டாங்க."

அத்தோடு என் பேச்சு நின்றுவிட்டது.

அந்தத் தங்கை யார் என்று ஹாடோ மெல்லக் கேட்டார். நான் உட்கார்ந்தேன். அக்கா எழுந்தாள். "அத நான்தான் சொல்லணும்" என்றாள். இந்த முறை யாரும் கையை உயர்த்தவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்தத்தில் இடம் கிடைத்தது. வலை கிடைக்கவில்லை. வாரம் தவறாமல் அக்கா கேட்கிறாள்.

"என்ன வக்கீலு, என் வலை எங்க?"