நீண்ட விசில்

கபிரியேல் சிறுவயதில் ஆசைப்பட்ட வேலை அறுபத்துநாலு வயதில்தான் கிடைத்தது. ஒரே நாள் வேலை. பங்குத் திருவிழாவின் கடைசி நாள், கடற்கரை மணலில், மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடக்கும் கால்பந்து இறுதியாட்டத்துக்கு நடுவர்.

தேங்காய்ப்பட்டணம் முதல் வட்டக்கோட்டை வரை எந்த நடுவரும் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் காய்ச்சல் என்று படுத்துவிடுவார். போன வருடம் வந்தவரை வலையில் சுற்றிக் கட்டுமரத்தில் ஏற்றித் தள்ளிவிட்டார்கள். லட்சத்தீவுப் பக்கம் கரையேறிய மனிதர், திரும்பி வரப் பயந்து அங்கேயே பெண்கட்டிக்கொண்டதாகக் கேள்வி.

அந்த ஆட்டம் எழுபத்தோரு வருடமாக நடக்கிறது. ஒருமுறைகூட முடிந்ததில்லை. அடிதடி ஓய்ந்ததும் எந்தத் தெருக்காரர்கள் கூடுதலாக நின்றுகொண்டிருக்கிறார்களோ அந்தத் தெருவுக்குக் கோப்பை, அதுதான் வழக்கம். ஆட்டம் முடிந்தது என்று ஊதும் நீண்ட விசிலை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

அதை ஊத வேண்டும். கபிரியேலுக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

நாலாம் வகுப்பில் டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டார். மற்ற பிள்ளைகள் டாக்டர், மாலுமி, சாமியார் என்றார்கள். இவன் "ரெஃப்ரி" என்றான். செய்தி இவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. அப்பா வியாகப்பன் மேலத்தெருவின் கோல்கீப்பர். அவர் பந்தைப் பிடித்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆளைப் பிடித்ததற்குச் சாட்சிகள் நிறைய. ஒன்பது நடுவர்களின் முன்பற்கள் அவர் கையால் போயிருக்கின்றன. மகன் வாசலில் கால் வைத்ததும் துடுப்பை எடுத்தார்.

"ஏலே, அடிக்குக குடும்பத்துல பொறந்துட்டு, அடி வாங்குக வேலைக்கா போவே?"

துடுப்பு முறிந்தது. இவன் விலா எலும்பு ஒன்றும் முறிந்தது. அம்மா சலேத்தம்மா ஓடி வந்தாள், காப்பாற்றத்தான் என்று இவன் நினைத்தான். அவள் மீன் சுமக்கும் கடவப்பெட்டியால் அப்பாவின் மண்டையில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"தொழில் சாமான எதுக்கு ஓய் ஒடிக்கியரு? பயல அடிக்க கை இல்லியா?"

அப்பாவுக்கு நாலு தையல். ஆஸ்பத்திரியில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான் கபிரியேலின் பிள்ளைப் பருவத்தில் இனிமையான நினைவு. அரைமணி நேரம் யாரும் யாரையும் அடிக்கவில்லை.

பிறகு முப்பத்தோரு வருடம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அங்கே ஓய்வு நாட்களில் கண்ணாடியைப் பார்த்து மஞ்சள் அட்டை காட்டிப் பழகினார். அம்மா இறந்துபோனாள். அப்பாவுக்கு இப்போது எண்பத்தொன்பது. பல் ஒன்றுகூட இல்லை. கை இரண்டும் இருந்தன.

"உயிரோட வந்தா கஞ்சி வைக்கேன்," என்றாள் மனைவி குளோரி. "இல்லேன்னா சட்டியக் கழுவிக் கவுத்திருவேன்."

பங்குச்சாமியார் முன்யோசனைக்காரர். துடுப்பு, அரிவாள், நங்கூரம் எல்லாவற்றையும் காலையிலேயே வாங்கிக் கோயில் அறையில் பூட்டினார். மைதானத்து மூலைக் கொடிக்கம்புகளை மறந்துவிட்டார். பத்தாம் நிமிடத்தில் நாலும் பிடுங்கப்பட்டன. இருபதாம் நிமிடத்தில் கீழத்தெருக் கேப்டன் டெனிஷின் பாதிக் காது மணலில் கிடந்தது. அவன் அதை எடுத்து ஊதி, நிக்கர் பையில் போட்டுக்கொண்டு ஓடினான். கபிரியேல் இரண்டு பேருக்குச் சிவப்பு அட்டை காட்டினார். முதல் ஆள் அட்டையைப் பிடுங்கித் தின்றுவிட்டான். இரண்டாமவனுக்குத் தன் சட்டையில் வழிந்த ரத்தத்தைத்தான் காட்ட வேண்டியிருந்தது.

எண்பத்தெட்டாம் நிமிடம். மேலத்தெருக்காரன் ஒருவன் கோல் முன்னால் டெனிஷின் கழுத்தைப் பிடித்துத் தொங்கினான். கபிரியேல் சொந்தத் தெருவுக்கு எதிராகவே பெனால்டி ஊதினார்.

மேலத்தெரு முழுவதும் மைதானத்துக்குள் இறங்கியது. முதல் குத்து வாயில் விழுந்தது. இரண்டு பல்லும் விசிலும் சேர்ந்து தொண்டைக்குள் போயின. பற்கள் வயிற்றுக்குப் போய்விட்டன. விசில் குறுக்கே சிக்கியது. கீழே தள்ளி விலாவில் சவட்டினார்கள். மூச்சு ஓரமாக ஊர்ந்து போய்வந்தது.

அப்போது கூட்டம் விலகியது. விலகியது என்பது மரியாதைச் சொல், ஒவ்வொருவராகப் பறந்தார்கள். வியாகப்பன் வந்துகொண்டிருந்தார்.

"தள்ளுங்கலே! எனக்க மவன அடிக்க ஒங்களுக்கு என்னலே உரிமை? நான் இன்னும் சாவல்ல!"

ஏழு பேரைப் படுக்கவைத்த பிறகு, வேட்டியை மடித்துக் கட்டி நடு மைதானத்தில் நின்றார்.

"ஆட்டம் நடக்கட்டு. இவனுக்க கணக்க நான் பொறவு தீக்கேன்."

கபிரியேல் கையை அசைக்க, டெனிஷ் பெனால்டியை அடித்தான். கோல். மீதி இரண்டு நிமிடமும் கிழவர் பார்த்துக்கொண்டிருக்க, இருபது பேரும் கால்பந்து விளையாடினார்கள். வேறு வழியில்லை.

கைக்கடிகாரம் தொண்ணூறைக் காட்டியது. கபிரியேல் மூச்சை இழுத்தார். காற்று வரவில்லை. ஊதாவிட்டால் ஆட்டம் முடிந்ததாகாது; மேலத்தெருக்காரர்கள் கல் பொறுக்கத் தொடங்கியிருந்தார்கள். உதடு நீலமாகி மண்டியிட்டார்.

வியாகப்பன் பின்னால் வந்து நின்றார்.

"சொந்தத் தெருவுக்கே பெனால்டி குடுப்பியாலே?"

முதுகின் நடுவே உள்ளங்கையால் ஒரே அடி. ஐம்பத்தைந்து வருடம் சேர்த்து வைத்த அடி. கபிரியேலின் நெஞ்சிலிருந்த காற்றெல்லாம் ஒரே மூச்சில் விசில் வழியாக வெளியேறியது. அவ்வளவு நீண்ட விசிலை உலகக்கோப்பையில்கூட ஊதியிருக்க மாட்டார்கள். ஆழ்கடலில் நின்ற படகுகள், ஏதோ கப்பல் வருகிறதென்று ஒதுங்கி வழிவிட்டன. கடைசியில் விசில் ரத்தத்தோடு மணலில் வந்து விழுந்தது.

ஆட்டம் முடிந்த பிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பொறுக்கிய கற்களோடு நின்றார்கள்.

"முடிஞ்சிட்டா?" என்றான் டெனிஷ். "இனி வீட்டுக்குப் போலாமா?"

"போலாம் மக்கா," என்றார் கபிரியேல், மணலில் முகம் புதைத்தபடி.

வியாகப்பன் குனிந்து மகனைப் பார்த்தார்.

"சத்தம் கொள்ளாம்லே, நல்லாத்தான் இருக்கு," என்றார். பெனால்டிக்கான அடியை அதற்குப் பிறகுதான் தொடங்கினார்.