அக்கா கேட்ட நிறம்

பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று அக்கா சொன்னபோதே சின்னவளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். நாற்காலி ஆடினால்கூட காலடியில் அட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவள் அக்கா. அவளுக்குத் திடீரென்று பழைய மர பீரோவின் மேல் என்ன கரிசனம்? ஆனால் அக்கா ஒன்று கேட்டுவிட்டால் சின்னவளுக்கு யோசிக்கிற வழக்கமே கிடையாது.

பத்தொன்பது வருஷமாக இருவரும் மட்டும்தான் அந்த வீட்டில். அக்கா மருந்துக் கடையில் பில் போடுகிறாள். சின்னவள் வீட்டிலேயே துணி தைக்கிறாள். ஒரு காலத்தில் வந்த வரன்களை எல்லாம் இருவரும் சேர்ந்துதான் கேலி பண்ணி விரட்டினார்கள். 'நமக்கு நாமே போதும்டி' என்று முதலில் சொன்னது அக்கா. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது சின்னவள். பீரோவும் இருவரும் சேர்ந்து பழைய சாமான் கடையில் வாய் வலிக்கப் பேரம் பேசி வாங்கியதுதான். இடது கதவு அக்காவுக்கு, வலது கதவு சின்னவளுக்கு.

பெயிண்டையும் அக்காவே வாங்கி வந்தாள். வெளிர் பச்சை.

"நம்ம சுவரு மஞ்சளாச்சேக்கா. இதுக்கு அது ஒட்டுமா?"

"அதெல்லாம் ஒட்டும். நீ அடிச்சிட்டு அப்புறம் பாரு."

துணிகளை வெளியே எடுத்தார்கள். சின்னவளுடையது மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் போனது. அக்காவுடையது அழகாக மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போனது. "தூசி படும்ல" என்றாள் அக்கா. மூட்டைக்கு மட்டும் தூசி படாதா என்று கேட்க சின்னவளுக்குத் தோன்றவில்லை, பாவம்.

பத்து நாள் நாயாய் உழைத்தாள். பழைய வார்னிஷ் லேசில் மசியவில்லை. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வழுவழுத்துப்போய் ஊசி பிடித்தால் நழுவியது. பூச்சி அரித்த மூலையில் பட்டி வைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் முதல் கோட் அடித்தாள். தைக்க வந்த துணிகள் ஒரு பக்கம் குவிந்தன. கடையை மூடிவிட்டாயா என்று ஒருத்தி வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனாள். அக்கா வேலை முடிந்து வந்ததும் பீரோவை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பாள்.

"உள்பக்கமும் அடிச்சிடுடி."

"உள்ள யாருக்கா பாக்கப் போறா?"

"அடிச்சாத்தான் என்ன?"

அடித்தாள்.

இரண்டாவது கோட்டில் வலது கதவு பாதி இருக்கும்போது டப்பா தீர்ந்துவிட்டது. அக்காவிடம் சொல்லியிருந்தால் அவளே வாங்கி வந்திருப்பாள். பாதிக் கதவைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்க சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. நிறத்தின் நம்பர் எழுதியிருந்த மூடியை எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனாள். கடைக்காரர் தெரிந்தவர். அவருக்குச் சட்டை தைப்பதே இவள்தான்.

"இருநூத்திப் பதினாலா? அந்த வீட்டுச் சுவரு இன்னுமா முடியல?"

"எந்த வீடு?"

"கண்ணாடிக்காரரு வீடுதான். உங்க அக்காவும் அவரும் வந்து சுவருக்கு நாலு டப்பா எடுத்தாங்க. பீரோவுக்கும் அதே கலர்தான்னு இன்னொண்ணு சின்னதா வாங்கினாங்க. வெள்ளிக்கிழமைதானம்மா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல? நல்ல மனுஷன்."

கண்ணாடிக்காரர் என்பவர் மருந்துக் கடைக்குப் பக்கத்துக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்கிறவர். மனைவியை இழந்தவர். போன மாதம் சின்னவளுக்கு அவர்தான் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார். இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறதா என்று வேறு கேட்டார்.

சின்னவளுக்கு இது எதுவுமே தெரியாது. ஆனாலும், "ஆமா, வெள்ளிக்கிழமைதான்" என்றாள். தெரியாது என்று காட்டிக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

தெருவுக்கே தெரிந்த விஷயம், ஒரே கட்டிலில் படுக்கிறவளுக்கு மட்டும் தெரியாது. அக்கா கல்யாணம் பண்ணிக்கொண்டால் இவளுக்கு என்ன வயிற்றெரிச்சல்? நாற்பத்தாறு வயதில் ஒரு துணை அமைந்தால் நல்லதுதானே. ஆனால் போகிறவள், போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், கொண்டுபோகிற பீரோவை இவள் கையாலேயே தேய்க்க வைத்தாளே, அதுதான் நெஞ்சை அறுத்தது. தலையில் மிளகாய் அரைப்பது என்பார்கள். அக்கா பத்து நாள் உட்கார்ந்து நைசாக அரைத்திருக்கிறாள்.

சாயங்காலம் அக்கா வந்தாள்.

"காஞ்சிடுச்சாடி?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள காஞ்சிடும்."

ஒரு செருப்பைக் கழற்றிய அக்கா மற்றதோடு அப்படியே நின்றாள்.

"யாரு சொன்னா?"

பாருங்கள், அதுதான் முதல் கேள்வி. மன்னிச்சிடு இல்லை, யாரு சொன்னா.

"பெயிண்ட் கடைக்காரர். நீ சொல்லல."

"தினமும் வாய் வரைக்கும் வரும்டி. சொன்னா நீ அழுவ. நீ அழுதா என்னால போக முடியாது."

"அழுதிருப்பேன். ரெண்டு நாள் அழுதுட்டு, போய் நல்லா இரு அக்கான்னு சொல்லியிருப்பேன். அதச் சொல்லக்கூட விடலையே நீ."

"இப்ப சொல்லேன்."

சின்னவள் சொல்லத்தான் பார்த்தாள். நேற்று கேட்டிருந்தால் மனசார வந்திருக்கும். இப்போது வரவில்லை. பிரஷ்ஷை எடுத்து மீதிக் கதவை அடிக்கப் போய்விட்டாள். அரைகுறையாக விடுவது அவளுக்குப் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை காலை சாமான் ஏற்ற இரண்டு பேர் வந்தார்கள். புது பீரோவா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, எந்த இடத்தில் பிடித்தால் பெயிண்ட் உரியாது என்று சின்னவளே காட்டிக் கொடுத்தாள். பீரோ வண்டியில் ஏறியதும் அக்கா திரும்ப வாசலுக்கு வந்தாள்.

"வாராவாரம் வருவேன்டி. ஞாயித்துக்கிழமையே வர்றேன்."

"வா" என்றாள் சின்னவள். "வர்றதுக்கு முன்னாடி சொல்லிட்டு வா."