வெட்டாமல் விட்ட புல்

தையல்காரியின் தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் காரியத்தில் இறங்கிவிடுவான். சோதனைக்கு அதிகாரி வரவிருந்த அன்று காலை, புல் வெட்டும் டிராக்டரோடு பள்ளத்து நிலத்தில் இறங்கியதும் அப்படித்தான் என்று அவன் சொன்னான். அக்காள் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. அப்பா இருவருக்கும் பொதுவாக விட்டுப்போன நிலம் அது. பாதி நாள் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். மனை போட்டு விற்கும் ஒருவரிடம் தள்ளிவிடலாம் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். அக்காளோ, சொந்த நிலத்தைப் பறவைகளுக்காகக் காடாக வளரவிடுகிறவர்களுக்கு அரசாங்கம் வருடாவருடம் பணம் தரும் திட்டத்தில் அதைச் சேர்த்துவிட்டாள்.

“புல்லு வளர்றதுக்குக் காசு குடுக்குறாங்களா? அப்போ என் தாடிக்கும் கேட்டுப் பாரு” என்று அவன் அன்று விழுந்து விழுந்து சிரித்தான். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். முதல் சோதனையில் நிலம் தேறினால் அப்படியே இருக்கட்டும். தேறாவிட்டால் மனைக்காரருக்கு இருவரும் கையெழுத்துப் போடுவது. திட்டத்தின் முக்கியமான நிபந்தனையே, பறவைகள் முட்டையிடும் பருவத்தில் புல்லைத் தொடக்கூடாது என்பதுதான்.

இப்போது அந்தப் புல் பாதி சிரைத்த தலை மாதிரி கிடந்தது. நடுவில் டிராக்டர் நின்றது. பக்கத்தில் ஒரு கல்லின் மேல் தம்பி உட்கார்ந்திருந்தான். அவள் விறுவிறுவென்று அவனிடம் போனாள்.

“பெரிய மனுஷங்க வரும்போது வீட்டைப் பெருக்க மாட்டியா? அது மாதிரி கொஞ்சம் சுத்தம் பண்ணலாம்னு பார்த்தேன். நடுவுல வண்டி மக்கர் பண்ணிடுச்சு” என்றான்.

“விக்கணும்னா என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமேடா.”

அவன் பார்வையை டிராக்டர் பக்கம் திருப்பிக்கொண்டான். 

அதிகாரி ரப்பர் பூட்ஸ் போட்ட நடுவயதுப் பெண். வெட்டிய இடம் முழுக்க நடந்து பார்த்துவிட்டு, யார் வெட்டியது என்று கேட்டார். அவ்வளவு ஆத்திரம் இருந்தும், தையல்காரியின் வாயில் வந்தது “நாங்கதான்” என்பதுதான். எத்தனையானாலும் கூடப்பிறந்தவன். அதிகாரி நன்றாகத் திட்டினார். இருவரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு அவர் டிராக்டர் பக்கம் போனார். தம்பி சட்டென்று எழுந்து குறுக்கே நின்றான். அந்தப் பக்கம் ஒரே சேறு, போக வேண்டாம் என்றான். அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த அதிகாரி, அப்படியே மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தையல்காரியையும் கையசைத்துக் கூப்பிட்டார்.

வெட்டாத புல்லுக்குள் ஒரு காட்டு வாத்து அடைகாத்துக்கொண்டிருந்தது. காய்ந்த புல்லின் நிறம். கண் மட்டும் மின்னியது. வண்டியின் கத்தி அதற்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது.

“இதுக்காகத்தாங்க இந்தத் திட்டமே” என்றார் அதிகாரி. வெட்டியது தப்புதான், ஆனால் புல் வளர்ந்துவிடும். பருவம் முடியும்வரை வண்டி உள்ளே வரக்கூடாது. நிலம் தேறிவிட்டது என்றார். அப்பாடா என்று தையல்காரி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். 

வண்டியைச் சத்தமில்லாமல் பின்னால் எடுக்க முடியுமா என்று அதிகாரி கேட்டார். சந்தோஷத்தில் தம்பி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். மக்கர் பண்ணிய வண்டி ஒரே திருகலில் உறுமிக்கொண்டு கிளம்பியது. வாத்து அசையவில்லை. அக்காள்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

அதிகாரி போன பிறகு அவள், நிலத்து வாசலில் வண்டியை நிறுத்தியிருந்த தம்பியிடம் போய் நின்றாள்.  அவனே ஆரம்பித்தான்.

“ஹாரன் அடிச்சேன்க்கா. இறங்கி வந்து கையைத் தட்டினேன். அவ எந்திரிக்கவே மாட்டேங்கிறா. என்னையே பார்க்குறா. நான் என்ன பண்ணட்டும்? புல்லுக்குச் சிரிச்சவன் வாத்துக்கு வண்டியை நிறுத்தினான்னு சொன்னா, நீயே எத்தனை நாளைக்குச் சிரிப்ப?”

முட்டையைக் கொத்தக் காக்கை வந்துவிடுமோ என்று காலையிலிருந்து சோறுதண்ணி இல்லாமல் அங்கேயே காவல் இருந்திருக்கிறான். தான் காலையில் சொன்னதை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது. அவன் தலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

அப்போது அவன் போன் அடித்தது. மனைக்காரர். நிலம் எப்போது கைக்கு வரும் என்று அவர் கேட்டது அவளுக்கும் கேட்டது. தம்பி பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தான்.

“அது தோதுப்படாதுங்க. அங்க ஏற்கெனவே ஆள் குடியிருக்கு” என்றான். “இல்லைங்க, காலி பண்ணச் சொல்ல முடியாது. பிள்ளைத்தாச்சி.”